ஆட்டத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால்: கொரோனா காலத்தில் டோக்கியோ ஒலிம்பிக் நடந்த விதம்

2021 ஜூலை 22. டோக்கியோவில் ஆடவர் கால்பந்து, ஜப்பானுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் ஆட்டம். தென் ஆப்பிரிக்க அணியில் இரண்டு வீரர்களுக்கும் ஒரு வீடியோ ஆய்வாளருக்கும், வீரர்கள் தங்கும் விளையாட்டுக் கிராமத்தில் வைத்தே தொற்று உறுதியாகியிருந்தது. அவர்களோடு இருந்தவர்கள் என்று 21 பேரை 'நெருங்கிய தொடர்பு' பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அன்றைக்கு டோக்கியோவில் குடியிருக்கும் ஒரு சாதாரண ஆள் அந்தப் பட்டியலில் வந்திருந்தால் 14 நாள் வீட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும். ஆனால் ஆட்டத்துக்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) நெகடிவ் என்றால் களம் இறங்கலாம் என்று ஒலிம்பிக்குக்குத் தனி விதி இருந்தது. அதனால் ஆட்டம் குறித்த நாளில் நடந்தது. ஜப்பான் 1-0 என்று ஜெயித்தது.

இதை ஒரு சலுகை என்று அப்போது பலர் திட்டினார்கள். என் கணக்கில் டோக்கியோ 2020 என்ற அந்த முழு ஏற்பாடே இந்த ஒரு விதியின் மேல்தான் நின்றது. தொற்று வந்தவரை ஒதுக்குவது எல்லோருக்கும் தெரிந்த வேலை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரை என்ன செய்வது என்பதில்தான் பெருந்தொற்றுக் காலப் போட்டிகள் கவிழ்ந்தன.

நமக்குத் தெரிந்த உதாரணம் அதே ஆண்டு ஐபிஎல். மே 3 அன்று கொல்கத்தா அணியில் இருவருக்குத் தொற்று என்று தெரிந்தது, அன்றைய ஆட்டம் தள்ளிப்போனது. மறுநாள் தொடரே நின்றது. மிச்ச ஆட்டங்கள் செப்டம்பர் 19-இல்தான் அமீரகத்தில் தொடங்கின. 'குமிழி' என்று சொன்னால் உள்ளே ஒருவருக்கும் தொற்று இல்லை என்று அர்த்தம், ஆகவே ஒரு தொற்று உள்ளே வந்தாலே கதை முடிந்தது. டோக்கியோவுக்கோ 33 விளையாட்டுகள், 11,000-க்கும் மேற்பட்ட வீரர்கள், 200-க்கும் மேற்பட்ட நாடுகள். தொற்று உள்ளே வரும் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டுதான் விதிகளை வகுத்தார்கள்.

ஒலிம்பிக்கைத் தள்ளிவைத்த கதை எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச் 24-இல் முடிவு, ஒரு வாரத்துக்குள் புதிய தேதி: 2021 ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 8 வரை. பாராலிம்பிக் ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 5 வரை. பெயர் மட்டும் '2020' என்றே இருந்தது. விதிகள் 'பிளேபுக்' என்ற பெயரில் மூன்று பதிப்புகளாக வந்தன, 2021 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று. வீரர்களுக்கு ஒன்று, பத்திரிகையாளருக்கு ஒன்று, விளம்பரதாரருக்கு ஒன்று எனத் தனித்தனிக் கையேடுகள். பிப்ரவரிப் பதிப்பைப் படித்தவர்கள் 'இதில் ஒன்றுமே இல்லையே' என்றார்கள், அது நியாயமும்கூட. குறைந்தது நான்கு நாளுக்கு ஒரு சோதனை என்று அதில் இருந்தது. ஏப்ரலில்தான் வீரர்களுக்குத் தினமும் என்று மாறியது.

புறப்படுவதற்கு முன் இரண்டு சோதனை. இரண்டும் விமானம் கிளம்பும் நேரத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள், வெவ்வேறு நாட்களில். அதில் ஒன்றாவது கடைசி 72 மணி நேரத்துக்குள். இங்கே இடறியவர்கள் ஏராளம். கணக்கு மாதிரி எடுத்த நேரத்திலிருந்து போகும், முடிவு வந்த நேரத்திலிருந்து போகாது. ஆய்வகச் சான்றிதழில் பெரும்பாலும் முடிவு நேரம்தான் பெரிதாக அச்சாகியிருக்கும். ஜப்பான் ஏற்கும் சோதனை முறை, ஏற்கும் மாதிரி வகை, ஏற்கும் படிவம் எல்லாம் பொருந்தினால்தான் விமானம் ஏறலாம்.

இந்தியா போன்ற, டெல்டா வகைக் கொரோனா பரவிய சில நாடுகளுக்கு இதற்கு மேலும் ஒரு பூட்டு: புறப்படும் முன் ஏழு நாளும் தினம் ஒரு சோதனை, போய் இறங்கிய பின் மூன்று நாள் வேறு நாட்டு அணியோடு கலந்து பழகவே கூடாது. கிராமத்துக்குள் போட்டிக்கு ஐந்து நாள் முன்னால்தான் நுழையவே முடியும். அதில் மூன்று நாள் இப்படிப் போனால் பயிற்சிக்கு எத்தனை நாள் மிஞ்சும்? இந்திய ஒலிம்பிக் சங்கம் இது நியாயமில்லை என்று எழுதியது.

இரண்டு சோதனை நெகடிவ் என்றாலும் கிருமி தப்பி வரும். இதற்குக் காரணம் எளிது. டெல்டா உடம்புக்குள் போய் சோதனையில் தெரிய சில நாளாகும். கடைசிச் சோதனைக்குப் பிறகு, விமான நிலைய வரிசையிலோ விமானத்துக்குள்ளோ ஒட்டிக்கொண்டால் எந்தக் காகிதமும் காட்டாது. அதனால் நரிதா, ஹனேடா விமான நிலையங்களில் இறங்கியதும் உமிழ்நீரில் ஆன்டிஜென் (கிருமியின் புரதம்) சோதனை. நம் ஊரில் மூக்கில் விட்டுப் பட்டையில் இரண்டு கோடு பார்த்தோமே, அந்த வகை இல்லை. இயந்திரத்தில் போட்டு ஆன்டிஜென் அளவை எண்ணாகத் தருவது. பட்டையைவிட நுட்பம், பிசிஆரைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் வேகமானது.

முதல் பெரிய ஓட்டை இங்கேதான் தெரிந்தது. ஜூன் 19 அன்று உகாண்டாவிலிருந்து ஒன்பது பேர் நரிதாவில் இறங்கினார்கள். ஒருவருக்குத் தொற்று, அவரைப் பிரித்துவிட்டார்கள். மிச்ச எட்டுப் பேரை அப்படியே ஒரு பேருந்தில் ஏற்றி, 500 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியுள்ள ஒசாகா மாகாணத்து இசுமிசானோ ஊருக்கு அனுப்பினார்கள். சில நாளில் அந்த எட்டில் இன்னொருவருக்கும் தொற்று. உடன் வந்த நகராட்சி ஊழியர்களும் ஓட்டுநரும் நெருங்கிய தொடர்பு ஆனார்கள். சோதனை தவறவில்லை. நெருங்கிய தொடர்பு யார் என்று முடிவு செய்வது விமான நிலையத்தின் வேலை இல்லை, போய்ச் சேரும் ஊரின் சுகாதார நிலையத்தின் வேலை என்று பிரித்து வைத்திருந்ததுதான் தவறு. அதற்குப் பிறகு, குழுவில் ஒருவருக்குத் தொற்று என்றால் மொத்தக் குழுவையும் விமான நிலையத்திலேயே தனியே நிறுத்த ஆரம்பித்தார்கள்.

இனி டோக்கியோவின் ஹருமி பகுதியில் இருந்த விளையாட்டுக் கிராமம். 18,000 படுக்கை, அட்டைக் கட்டில். (கட்டில் உடையும் என்று இணையம் முழுக்கக் கேலி ஓடியது. சுமார் 200 கிலோ தாங்கும் கட்டில் அது. தொற்றுக்கும் அந்த அட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மறுசுழற்சிக்காக முன்பே முடிவானது.) ஒவ்வொரு நாட்டு அணிக்கும் ஒரு கோவிட் தொடர்பு அலுவலர். இந்தப் பதவிக்கு அணிகள் முதலில் அவ்வளவு மதிப்புக் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். பிறகு அணியிலேயே தூக்கம் கெட்டவர் அவர்தான். 14 நாள் நடமாட்டத் திட்டத்தை ஒவ்வொருவருக்கும் எழுதி அனுமதி வாங்க வேண்டும்: எந்த மைதானம், எந்த வண்டி, எந்த அறை. 'ஓச்சா' என்ற செயலியில் தினமும் உடல் வெப்பம் பதிய வேண்டும். பலருக்குத் திட்டம் அனுமதி ஆகாமலேயே விமான நாள் வந்து, செயலி திறக்காமல், காகிதத்தோடு விமான நிலையத்தில் நின்றார்கள்.

தினசரிச் சோதனை இப்படி. காலை 9 மணி அல்லது மாலை 6 மணிக்கு வீரர் ஒரு சிறு குப்பியில் எச்சில் துப்ப வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரமாவது எதையும் தின்னக் குடிக்கக் கூடாது, பல் துலக்கவோ வாய் கொப்பளிக்கவோ கூடாது. குப்பியில் உணவுத்துகளோ பற்பசையோ கலந்தால் முடிவு கெடும். தொடர்பு அலுவலர் பார்வையில் எடுத்து, பட்டைக்குறியீடு ஒட்டி, சேகரிப்பு இடத்தில் ஒப்படைக்க வேண்டும். மூக்குக்குள் குச்சி விடாமல் எச்சிலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வீரர்களின் வசதி மட்டும் இல்லை. தினமும் பல்லாயிரம் பேர் மூக்கில் குச்சி விட அத்தனை செவிலியருக்கு எங்கே போவது? தாதியர் 500 பேர் வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழு ஏப்ரலில் கேட்டபோதே மருத்துவமனைகளிலிருந்து கடும் எதிர்ப்பு வந்திருந்தது. எச்சில் என்றால் அவரவரே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் சோதனை ஆன்டிஜென். பாசிட்டிவ் அல்லது சந்தேகம் என்றால் அதே குப்பியில் மிச்சமுள்ள உமிழ்நீரை பிசிஆருக்குப் போடுவார்கள். அதிலும் வந்தால்தான் ஆளைக் காய்ச்சல் மருத்துவகத்துக்கு அழைத்து மூக்கின் பின்புறத்தில் மாதிரி எடுத்து இன்னொரு பிசிஆர். மூன்றாவது படி தாண்டினால்தான் 'உறுதி'. இந்த மூன்று படி ஏன் என்றால், ஒரு பொய்ப் பாசிட்டிவ் வந்தால் நாலு வருட உழைப்பு போய்விடும். இங்கே ஐந்து வருடம். போட்டிக்காலம் முடியும்வரை 6 லட்சத்துக்கும் மேல் இப்படிச் சோதித்தார்கள். உறுதியானது சுமார் 0.02 சதவீதம்.

சரி, பாசிட்டிவ் ஆனவருக்கு என்ன? கிராமத்துக்கு வெளியே ஒரு விடுதியில் 10 நாள். இந்தப் பகுதியில் ஏற்பாடு மோசம் என்றே சொல்வேன். திறக்க முடியாத ஜன்னல் உள்ள சிறிய அறை. நெதர்லாந்து வீரர்கள் சிலர் கீழ்த்தளத்தில் மணிக்கணக்கில் நின்று அறைக்குத் திரும்ப மறுத்த பிறகுதான், கண்காணிப்போடு ஒரு திறந்த ஜன்னல் அருகே நாளுக்கு 15 நிமிடம் நிற்க அனுமதி கிடைத்தது. காற்றில் பரவும் ஒரு நோய்க்குக் காற்றோட்டமே இல்லாத அறை!

நெருங்கிய தொடர்புக்கு வருவோம். வரையறை: தொற்று உள்ளவரோடு 1 மீட்டருக்குள், முகக்கவசம் இல்லாமல், 15 நிமிடம் அல்லது அதற்கு மேல். விமானத்தில் என்றால் அதே வரிசை, முன்னும் பின்னும் இரண்டிரண்டு வரிசை. பட்டியலில் வந்த வீரர் தனியறைக்குப் போகணும், தனியாகச் சாப்பிடணும், பயிற்சிக்குத் தனி வண்டி, தினமும் பிசிஆர். போட்டி தொடங்குவதற்கு முன்னான ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் நெகடிவ் என்றால் களம் இறங்கலாம். ஆறு மணி நேரம் என்பது குருட்டு எண் இல்லை. அன்று காலை நெகடிவ் ஆனவர் மாலைக்குள் மற்றவருக்குப் பரப்பும் அளவுக்குக் கிருமி சேர வாய்ப்புக் குறைவு. மறுநாள் என்றால் அந்த உறுதி இல்லை.

நம்மவரை இந்த விதி தொட்டது பாராலிம்பிக்கில். தொடக்க விழாவில் இந்தியக் கொடி பிடிக்க வேண்டியவர் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு. டோக்கியோ போன விமானத்தில் இருந்த ஒரு வெளிநாட்டுப் பயணிக்குத் தொற்று என்று தெரிந்து, மாரியப்பன் உட்பட இந்தியக் குழுவில் ஆறு பேர் பட்டியலுக்குப் போனார்கள். அவருக்குச் சோதனை நெகடிவ்தான். ஆனாலும் விழாவில் கொடியை டேக் சந்த் ஏந்தினார். களத்துக்கு ஒரு விதி, விழாவுக்கு ஒரு விதி. போட்டியில் ஆட விடலாம், நாலு பேரோடு அணிவகுக்க விட முடியாது. கேட்க வினோதமாக இருந்தாலும் தர்க்கம் சரி. உயரம் தாண்டுபவர் தனியாக ஓடித் தனியாகத் தாண்டுகிறார், அணிவகுப்பில் எல்லோரும் ஒட்டி நடக்கிறார்கள். மாரியப்பன் அணியோடு சேராமல் தனியாகப் பயிற்சி செய்து, ஆகஸ்ட் 31-இல் மழைக்கு நடுவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார்.

இந்த ஏற்பாடு எல்லா விளையாட்டுக்கும் ஒத்துவரவில்லை. கிரேக்கத்தின் கலைநீச்சல் அணியில் அடுத்தடுத்துத் தொற்று வந்து அணியே விலகியது. நீருக்குள் முகக்கவசம் கிடையாது, ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில். அங்கே ஒரு ஆளைப் பிரித்து மிச்சத்தை விளையாட விடவே முடியாது. செக் நாட்டு அணிக்கு வினை தனி விமானத்திலேயே தொடங்கியது. கடற்கரைக் கைப்பந்து, மேசைப்பந்து, சைக்கிள் என்று வெவ்வேறு விளையாட்டுக்காரர்களுக்கு ஒரே பயணத்தில் பரவியது. அணிகளைக் கலந்து ஒரே விமானத்தில் ஏற்றினால் ஒரு தொற்று பல போட்டிகளை ஒரே நாளில் கெடுக்கும். செலவு மிச்சம் பிடிக்கப்போய் வந்த இழப்பு.

போட்டி விதிப்புத்தகத்திலும் நிறையத் திருத்தினார்கள், இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. கோவிடால் விலகுபவருக்குத் 'தகுதி நீக்கம்' என்று போடக் கூடாது, 'களம் இறங்கவில்லை' என்றே பதிவு. அதுவரை எட்டிய கட்டத்துக்கு உரிய குறைந்தபட்ச இடம் அவருக்கு உண்டு. குத்துச்சண்டையில் இறுதிக்கு வந்தவர் விலகினால் வெள்ளி அவருக்கே, எதிராளிக்குத் தங்கம். தடகளம் போன்றவற்றில் தகுதிச் சுற்றில் அடுத்து வந்தவரை மேலே ஏற்றுவார்கள். கால்பந்தில் 18 பேர் பட்டியலை 22 ஆக்கினார்கள். ஹாக்கியில் 16 பேரோடு ரிசர்வ்வாக வந்த இருவரையும் ஆட்டத்துக்கு ஆட்டம் உள்ளே எடுக்கலாம் என்றார்கள். இந்த இரண்டாவது திருத்தத்தை நாம் மறக்கவே கூடாது. சிம்ரன்ஜித் சிங் அந்த ரிசர்வ் வழியில் வந்தவர். ஆகஸ்ட் 5-இல் ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 வருடத்துக்குப் பிறகு இந்தியா வாங்கிய அந்த வெண்கல ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையது. பழைய விதிப்படி யாருக்காவது காயம் ஆகாதவரை அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

சின்னச் சின்ன மாற்றங்கள்: பதக்கத்தைத் தட்டில் நீட்டுவார்கள், வீரரே எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். மேடையில் படம் எடுக்க 30 விநாடி முகக்கவசம் கழற்றலாம். மேசைப்பந்தில் கை வேர்வையை மேசையில் துடைப்பதும் பந்தை வாயால் ஊதுவதும் தடை. பல வருடப் பழக்கம், ஆட்டத்தின் நடுவில் கை தானாகப் போகும், பாவம். சாப்பாட்டுக்கூடத்தில் ஆளுக்கு ஆள் பிளாஸ்டிக் தடுப்பு. காற்றில் பரவும் கிருமிக்கு அது எவ்வளவு பயன் என்பது சந்தேகம்தான். இருக்கைகளைக் குறைத்ததும், தனியாகச் சாப்பிட்டு சீக்கிரம் எழுந்து போகச் சொன்னதும்தான் அங்கே வேலை செய்திருக்கும்.

டோக்கியோவின் உண்மையான ஓட்டை வீரர்கள் பக்கம் இல்லை. போட்டியோடு தொடர்புடையவர்களில் நிறைவு நாள்வரை பதிவான தொற்று 400-ஐத் தாண்டியது. அதில் வீரர்கள் சிறு பங்குதான், பாதிக்கு மேல் ஒப்பந்தப் பணியாளர்கள். பெரும்பாலும் ஜப்பானிலேயே வசிப்பவர்கள். வண்டி ஓட்டுபவர், காவலாளி, சமையல், துப்புரவு. பகலில் மைதானம், இரவில் வீடு, நடுவில் கூட்ட ரயில். வீரர்களுக்குத் தினமும் சோதனை. இவர்களில் வீரரோடு நெருங்கிப் பழகாதவர்களுக்கு நாலு நாளுக்கு ஒருமுறை, ஏழு நாளுக்கு ஒருமுறை என்று இடைவெளி. ஏழு நாளில் டெல்டா ஒரு சுற்றுப் பரவிவிடும். வெளிநாட்டுப் பத்திரிகையாளர் விடுதிக்குப் பக்கத்துக் கடைக்குப் போக 15 நிமிடம் என்று காவலாளி வாசலில் குறித்து வைத்தார். அந்தக் காவலாளி வேலை முடிந்து எங்கே போனார் என்று யாரும் குறிக்கவில்லை.

ஊரோ அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. தொடக்க நாளில் டோக்கியோவில் 1,359 புதிய தொற்று. ஆகஸ்ட் 5-இல் 5,042. ஆகஸ்ட் 13-இல் 5,773. போட்டிதான் காரணமா என்ற சண்டை இன்றும் தீரவில்லை. கிராமத்திலிருந்து ஊருக்குப் பரவியதைவிட, ஜூலையிலேயே ஊரில் டெல்டா வேர் பிடித்திருந்ததே பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஆனால் 'சாராயம் ஊற்றாதே, எட்டு மணிக்குக் கடையைச் சாத்து' என்று உணவகங்களிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் வாணவேடிக்கையோடு விழா நடத்தினால் யார் கேட்பார்கள்? அரசின் ஆலோசகர் ஒமி ஷிகேருவே, இப்படிப்பட்ட நிலையில் போட்டி நடத்துவது இயல்பானதில்லை என்று ஜூன் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

பார்வையாளர் விஷயத்தில் முடிவெடுத்த விதம் இன்னும் மோசம். மார்ச்சில் வெளிநாட்டவர் வேண்டாம் என்றார்கள். ஜூன் 21-இல் பாதி இருக்கை, அதிகபட்சம் 10,000 பேர் என்றார்கள். ஜூலை 8-இல் டோக்கியோவிலும் சுற்று மாகாணங்களிலும் யாருமே வேண்டாம் என்றார்கள். தொடக்க விழாவுக்கு இரண்டு வாரமே இருந்தது. நுழைவுச்சீட்டு வருமானமாக எதிர்பார்த்த 9,000 கோடி யென் கிட்டத்தட்ட முழுதும் போனது. கோவிட் தடுப்புக்கென்று 2020 டிசம்பரில் ஒதுக்கியதே 9,600 கோடி யென். 80,000 தன்னார்வலரில் சுமார் 10,000 பேர் ஜூனுக்குள் விலகியிருந்தார்கள்.

ஆறு மாதத்தில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் வந்தது. டோக்கியோவைப் படித்துவிட்டு வந்தவர்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. முதலில் மூடியது அந்தப் பணியாளர் ஓட்டையை. சமையல்காரரும் ஓட்டுநரும் தன்னார்வலரும் ஊரோடு கலக்காத மூடிய வளையத்துக்கு உள்ளேயே தங்க வேண்டும், முடிந்து வெளியே போகும்போது தனிமைப்படுத்தல். எல்லோருக்கும் தினமும் தொண்டையில் பிசிஆர். வளைய வண்டி விபத்தில் சிக்கினால்கூட ஊர்க்காரர்கள் கிட்டே போகாதீர்கள் என்று காவல்துறை அறிவித்தது. ஜப்பானில் சட்டப்படி இதைச் செய்யவே முடியாது, அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அங்கே வேறொரு சிக்கல் முளைத்தது. ஓமிக்ரான் அலையில் பல வீரர்கள் டிசம்பர், ஜனவரியில் நோய் வந்து குணமானவர்கள். பிசிஆர் செத்த கிருமியின் துணுக்கையும் பிடிக்கும், வாரக்கணக்கில். கிருமி தெரிய மாதிரியை எத்தனை சுற்றுப் பெருக்க வேண்டியிருந்தது என்று காட்டும் சிடி எண் 40-க்குள் வந்தாலே பாசிட்டிவ் என்று வைத்திருந்ததால், யாருக்கும் பரப்ப முடியாதவர்கள்கூட மாட்டினார்கள். எண் கூடக் கூட மாதிரியில் கிருமி குறைவு என்று பொருள். ஜனவரிக் கடைசியில், போட்டி தொடங்க சில நாளே இருக்கும்போது, அந்த எல்லையை 35-க்கு இறக்கினார்கள். நெருங்கிய தொடர்புக்கான கெடுவை 14 நாளிலிருந்து 7 நாளாக்கி, தினம் இரண்டு சோதனை என்றார்கள். ஆட்டத்துக்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் பிசிஆரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.